சாமீரில் குடியிருந்தவர்

வேதாகமத்திலுள்ள நியாயாதிபதிகள் புத்தகத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில் 57 வசனங்கள். அத்தனையும் அபிமெலேக்கு என்ற ஒருவனின் எழுச்சியையும் அழிவையும் சொல்பவை. அவன் ஆண்டது 3 வருடம். அடுத்த அதிகாரத்தின் முதல் இரண்டு வசனங்களில் தோலா வந்து போய்விடுகிறார். அவர் இஸ்ரவேலை நியாயம் விசாரித்தது 23 வருடம். பூவாவின் மகன், தோதோவின் பேரன், இசக்கார் கோத்திரத்தார், எப்பிராயீம் மலைநாட்டில் சாமீர் என்ற ஊரில் குடியிருந்தார், இஸ்ரவேலை இரட்சிக்க எழும்பினார், இறந்தார், அந்த ஊரிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவரைப் பற்றித் தெரிந்தது இவ்வளவுதான். போர் இல்லை, அற்புதம் இல்லை, அவர் வாயிலிருந்து வந்ததாக ஒரு சொல்கூட இல்லை. சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்குச் சிம்சோனின் தலைமயிர் தெரியும், கிதியோனின் 300 பேர் தெரியும். தோலாவைப் பெரியவர்களிலேயே பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

சொல்லிக்கொள்ளும்படி எதுவும் நடக்காத ஒரு தலைமைக்கு என்ன மதிப்புக் கொடுப்பது? அந்த அமைதியை அறம் என்று போற்றலாமா? அல்லது ஏடு எழுதியவருக்கு எழுத ஒன்றும் கிடைக்காமல் போனதைத்தான் நாம் அறம் என்று நினைத்துக்கொள்கிறோமா? பக்திப் பேச்சுகளில் இதற்குச் சட்டென்று பதில் கிடைத்துவிடும். உண்மையில் அவ்வளவு எளிதாக முடிகிற கேள்வி இல்லை இது.

தோலா வந்து நின்ற இடம் எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டுமானால் அவருக்கு முன்னால் நடந்ததைப் பார்க்க வேண்டும். கிதியோனுக்கு 70 மகன்கள். அவர்களைத் தவிர, சீகேமில் இருந்த மறுமனையாட்டிக்குப் பிறந்தவன் அபிமெலேக்கு. தகப்பன் இறந்ததும் அவன் தாய்மாமன்மாரிடம் போய், 70 பேர் உங்களை ஆள்வது நல்லதா, உங்கள் இரத்தமான ஒருவன் ஆள்வது நல்லதா என்று கேட்டான். சீகேமார் பாகால்பேரீத் கோவிலிலிருந்து 70 வெள்ளிக்காசை எடுத்துக் கொடுத்தார்கள். உயிருக்கு ஒரு காசு என்ற கணக்கு. அந்தப் பணத்தில் வேலைவெட்டியில்லாத முரடர்களைக் கூலிக்குப் பிடித்து, ஒப்ராவிலிருந்த தகப்பன் வீட்டுக்குப் போய், சகோதரர்களை ஒரே கல்லின்மேல் வைத்துக் கொன்றான். கடைசித் தம்பி யோதாம் மட்டும் ஒளிந்து தப்பினான். மூன்று வருடம் போனபின், முடிசூட்டிய சீகேமே அவனுக்கு எதிராகத் திரும்பியது. அவன் ஊரைப் பிடித்து, மக்களைக் கொன்று, இடித்துத் தள்ளி, அந்த மண்ணில் உப்பை விதைத்தான். கோட்டைக்குள் அடைக்கலம் புகுந்த ஆணும் பெண்ணுமாக ஏறக்குறைய 1000 பேரை, மரக்கொம்புகளை வெட்டிவந்து குவித்துத் தீயிட்டுக் கொன்றான்.

அடுத்து தேபேஸ் என்ற ஊர். அங்கும் கோபுரக் கதவுக்குத் தீ வைக்க நெருங்கியபோது, மேலேயிருந்து ஒரு பெண் ஏந்திரத்தின் மேற்கல்லை அவன் தலையில் போட்டாள். மண்டை உடைந்தது. உயிர் போகிற அந்த நேரத்திலும் அவனுக்கு இருந்தது ஒரே கவலை: பெண் கையால் செத்தான் என்று ஊர் பேசிவிடக் கூடாது. ஆயுதம் சுமந்துவந்த வாலிபனைக் கூப்பிட்டு, தன்னைக் குத்தச் சொன்னான். பல தலைமுறை கழித்து, தாவீதின் படைத்தலைவன் யோவாப் அந்தச் சாவை நினைவுகூரும்போது, ஒரு பெண் போட்ட கல்லால் செத்தவன் என்றுதான் சொல்கிறான். அபிமெலேக்கு எதை மறைக்கப் பார்த்தானோ அதுவே அவன் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

இந்தச் சாம்பல் ஆறுமுன் வந்தவர் தோலா. அவர் இரட்சிக்க எழும்பினார் என்று புத்தகம் சொல்கிறது. யாரிடமிருந்து என்று சொல்லவில்லை. மற்ற இடங்களில் எதிரியின் பெயர் தவறாமல் இருக்கும். ஏகூத்துக்கு மோவாபியர், தெபொராளுக்குக் கானானியர், கிதியோனுக்கு மீதியானியர். தோலாவின் காலத்தில் வெளியிலிருந்து யாரும் படையெடுத்து வந்ததாகக் குறிப்பு இல்லை. முந்தின அதிகாரத்தைப் படித்துவிட்டு வருகிற எவருக்கும் ஒரு விடை தோன்றும்: அந்த மக்களை அவர்களிடமிருந்தே காப்பாற்ற வேண்டியிருந்தது. இது ஊகம்தான். ஆனால் ஊகத்துக்கு இடம் கொடுக்கிற செய்தி ஒன்று அந்த இரண்டு வசனத்துக்குள்ளேயே இருக்கிறது. இசக்காரின் நிலம் வடக்கே, யெஸ்ரயேல் சமவெளிப் பக்கம். தோலா குடியிருந்ததோ எப்பிராயீம் மலைநாட்டில். உப்பு விதைக்கப்பட்ட சீகேமும் அதே மலைநாட்டு ஊர்தான் என்று யோசுவாவின் புத்தகம் சொல்கிறது. தன் கோத்திரத்தார் நடுவே தலைமை தாங்குவது ஒன்று. அடுத்த கோத்திரத்து மண்ணில், இரத்தம் சிந்திய ஊர்களுக்கு நடுவே உட்கார்ந்து வழக்குக் கேட்பது வேறொன்று.

அதிலும் எப்பிராயீமார் லேசில் சமாதானமாகிறவர்கள் இல்லை. மீதியானியரோடு போருக்குத் தங்களை ஏன் முதலிலேயே கூப்பிடவில்லை என்று கிதியோனிடம் மல்லுக்கு நின்றவர்கள். பின்னாளில் யெப்தாவிடமும் அதே குறையோடு போய், அவன் வீட்டையே கொளுத்துவோம் என்றார்கள். இந்த இரண்டு சண்டைக்கும் நடுவே, வெளிக் கோத்திரத்தார் ஒருவர் 23 வருடம் அவர்கள் மத்தியில் நியாயம் விசாரித்திருக்கிறார். ஒரு சச்சரவும் ஏட்டில் ஏறவில்லை.

நியாயம் விசாரிப்பது என்றால் அன்றாடம் என்ன வேலை? நியாயப்பிரமாணத்தின் சட்டங்களைப் படித்தால் அந்த வாசலில் யார் யார் வந்து நின்றிருப்பார்கள் என்று ஓரளவு தெரியும். முட்டுகிற மாடு என்று தெரிந்தும் கட்டிவைக்காத உரிமையாளன். குழியை வெட்டி மூடாமல் விட்டதால் அடுத்தவன் கழுதை விழுந்து செத்த வழக்கு. எல்லைக் கல்லை நகர்த்திப் போட்ட அண்டை நிலத்துக்காரன். கடனுக்காக மேலாடையை அடகு வைத்த ஏழை. அவனுக்கு இரவில் போர்த்திக்கொள்ள அது ஒன்றுதான் உண்டு என்பதால், பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது சட்டம். கடன் கொடுத்தவன் முரண்டு பிடிப்பான். வெளிச்சம் போவதற்குள் யாராவது உறுதியாகச் சொல்லி அந்த ஆடையை வாங்கிக் கொடுத்தாக வேண்டும். மறுநாளும் இதே வேலை. பணக்காரன் முகத்தைப் பார்த்துத் தீர்ப்பைச் சாய்க்கக் கூடாது. ஏழை என்ற இரக்கத்தாலும் சாய்க்கக் கூடாது. பரிதானம் வாங்கக் கூடாது. இப்படி 23 வருடம். இதை யாராலும் பாட்டாகப் பாட முடியாது. ஆனால் அண்ணன் தம்பி 70 பேரைக் காசுக்குக் கொன்ற ஒரு நாட்டில், மேலாடை வழக்கில் நேர்மையான தீர்ப்பு கிடைக்கும் என்ற நம்பிக்கை திரும்ப வருவதைவிடப் பெரிய மீட்பு வேறு என்ன இருந்திருக்க முடியும்?

கையாடல் நடந்த ஒரு சங்கத்துக்கு அடுத்து வருகிற பொருளாளரை நினைத்துப் பார்க்கலாம். ஒவ்வொரு ரசீதையும் எழுதி, மாதாமாதம் கணக்கு காட்டி, ஒரு பைசா பிசகாமல் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போவார். ஆண்டுவிழாவில் மாலை அவருக்கு விழாது. கையாடியவனின் கதை மட்டும் ஊரில் பல காலம் சுற்றிக்கொண்டிருக்கும்.

இவ்வளவு சொன்ன பிறகும் முதலில் எழுந்த ஐயம் தீரவில்லை. அமைதி எப்போதும் அறமாகிவிடாது. இதற்கு அதே மக்களின் வரலாற்றிலேயே கசப்பான சான்று இருக்கிறது. சீலோவில் ஏலி 40 வருடம் நியாயம் விசாரித்தார், தோலாவைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு காலம். அவருடைய மகன்கள் ஓப்னியும் பினெகாசும் ஆசாரியர்கள். பலியிட வருகிற எளிய மக்களின் பானைக்குள் அவர்களுடைய வேலைக்காரன் மூன்று கூருள்ள முள்ளை விட்டுக் குத்தி, வந்ததையெல்லாம் எடுத்துக்கொள்வான். கொழுப்பு தகனிக்கப்படும் முன்பே பச்சை இறைச்சியைக் கேட்பான். தர மறுத்தால் பிடுங்கிக்கொள்வான். ஏலிக்கு எல்லாம் தெரியும். கூப்பிட்டுக் கண்டிக்கவும் செய்தார். அதற்குமேல் ஒன்றும் செய்யவில்லை. அவர்மேல் சுமத்தப்பட்ட குற்றம் அதுதான்: அறிந்திருந்தும் அடக்கவில்லை. ஏலியும் சாந்தமானவர், நீண்ட காலம் நீதி இருக்கையில் உட்கார்ந்தவர். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பேரின் அமைதியும் ஒன்று போலத்தான் இருக்கும். வேறுபாடு தெரிவது பானையோடு வந்து நிற்கிறவனுக்கு மட்டும்தான். அவன் பங்கு அவனுக்குக் கிடைத்ததா, பிடுங்கப்பட்டதா?

எனவே அமைதியான தலைமை என்று எதையாவது புகழ்வதற்கு முன்னால், அந்தத் தலைமையின் கீழ் வலியவன் என்ன செய்தான் என்று விசாரிக்க வேண்டும். தெபொராளும் எப்பிராயீம் மலைநாட்டில், ராமாவுக்கும் பெத்தேலுக்கும் நடுவே பேரீச்சமரத்தின் கீழ் உட்கார்ந்துதான் வழக்குக் கேட்டார். ஆனால் கானானியரின் படைத்தலைவன் சிசெராவின் 900 இரும்பு ரதங்கள் 20 வருடம் மக்களை நசுக்கியபோது, வழக்கு மட்டும் கேட்டுக்கொண்டிருப்பது துரோகமாகியிருக்கும். அவர் பாராக்கைப் போருக்கு அழைத்தார். தயங்கியவனோடு தானே புறப்பட்டும் போனார். அந்தப் போருக்கு வராமல் வீட்டோடு இருந்துவிட்ட கோத்திரங்களை அவருடைய வெற்றிப் பாடல் பெயர் சொல்லிக் கடிந்துகொள்கிறது. அடக்கம் என்று பெயர் சூட்டிக்கொண்டு ஒதுங்கியிருப்பவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. தோலாவைச் சாட்சிக்கு இழுக்க அவர்களுக்கு உரிமை கிடையாது. போருக்கு வந்த இசக்கார் கோத்திரத்தையோ தெபொராளின் அதே பாடல் பாராட்டுகிறது. தோலா அந்தக் கோத்திரத்தில் பிறந்தவர்.

தப்பி ஓடிய யோதாம் கெரிசீம் மலையில் ஏறி நின்று சீகேமாருக்கு ஒரு கதை சொன்னான். மரங்கள் தங்களுக்கு ஒரு ராஜாவைத் தேடின. ஒலிவமரம் தன் எண்ணெயை விட்டு வர மறுத்தது. அத்திமரம் தன் இனிப்பை விட்டு வர மறுத்தது. திராட்சைக்கொடி தன் ரசத்தை விட்டு வர மறுத்தது. கடைசியில் முட்செடி ஒப்புக்கொண்டது. முட்செடியைச் சாடுவதற்காகவே சொன்ன கதை. ஆனாலும் அதைக் கேட்கிற எவர் மனத்திலும், மறுத்த மூன்று மரங்களைப் பற்றி ஓர் உறுத்தல் எழ வேண்டும். பயனுள்ளவர்களுக்குப் பதவி வேண்டாம். அவர்களுக்கு வேறு நல்ல வேலை இருக்கிறது. அதனால் முள்ளுக்கு இடம் காலியாகிறது. கிதியோனும் அரசனாக மாட்டேன் என்று மறுத்தவர்தான். ஆனால் மக்களிடம் கொள்ளையில் கிடைத்த காதணிகளைக் கேட்டு வாங்கி, 1700 சேக்கல் பொன்னில் ஏபோத் என்ற ஆசாரிய உடை ஒன்றைச் செய்து தன் ஊரில் வைத்தார். அது அவர் வீட்டுக்கே கண்ணியாயிற்று. யோதாமும் உண்மையைச் சொல்லிவிட்டுப் பேயேருக்கு ஓடிப்போய் அங்கேயே தங்கிவிட்டான். உயிருக்குப் பயந்தவனைக் குறை சொல்ல முடியாது. மறுப்பதும் சொல்லிவிட்டுப் போவதும் மட்டும் ஒரு நாட்டுக்குப் போதாது என்பதற்கு இந்தக் குடும்பமே சாட்சி. சிம்மாசனம் கேட்காமல், ஏபோத் செய்யாமல், பொறுப்பை ஏற்று உட்கார ஒருவர் வேண்டியிருந்தது.

தோலாவை அப்பழுக்கற்றவர் என்று சான்றிதழ் கொடுக்க நம்மிடம் ஆதாரம் இல்லை. கிதியோன் காலம் வரை வருகிற, தேசம் அமைதலாயிருந்தது என்ற வாக்கியம்கூட இவருக்கு எழுதப்படவில்லை. ஒன்று மட்டும் உறுதி. மக்கள் மறுபடியும் தீமை செய்தார்கள் என்று அந்தப் புத்தகம் திரும்பத் திரும்பச் சொல்லும் வரி, தோலாவின் 23 வருடத்திலும் அடுத்து வந்த கீலேயாத்தியன் யாவீரின் 22 வருடத்திலும் வரவில்லை. யாவீர் இறந்த பிறகுதான் வருகிறது. இந்த 45 வருடத்தில் பிறந்து வளர்ந்து பிள்ளை பெற்ற ஒரு முழுத் தலைமுறைக்கு அது சின்ன விஷயம் இல்லை. அந்தத் தலைமுறை தன் பிள்ளைகளுக்கு யாருடைய கதையைச் சொல்லியிருக்கும்? அபிமெலேக்கின் கதையைத்தான் என்று நினைக்க இடமிருக்கிறது. நம் கைக்கு 57 வசனமாக வந்திருப்பது அது. எதை நினைவில் வைப்பது என்பதும் அறத்தைச் சேர்ந்த தேர்வு. தீயும் இரத்தமும் மட்டுமே கதையாகும் ஊரில், கதையாக விரும்புகிற இளைஞனுக்கு எந்த வழி திறந்திருக்கிறது என்று நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

யாவீருக்குப் பின் அம்மோனியர் கீலேயாத்தை நெருக்கியபோது, அந்த நாட்டுப் பெரியவர்கள் கூடிக் கேட்டது ஒரே கேள்வி: யார் முதலில் போரைத் தொடங்குவான்? அவனே தலைவன் என்றார்கள். யெப்தா வந்தான், வென்றான். அவன் செய்த பொருத்தனைக்கு அவனுடைய ஒரே மகள் பலியானாள். யோர்தான் துறைகளில் எப்பிராயீமார் 42,000 பேர் இஸ்ரவேலர் கையாலேயே செத்தார்கள். அவன் நியாயம் விசாரித்தது 6 வருடம். அதன்பின் இப்சான் 7, ஏலோன் 10, அப்தோன் 8 வருடம் நியாயம் விசாரித்தார்கள். மூன்று பேருக்கும் சேர்த்து எட்டு வசனம். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், ஏறிப்போன கழுதைகள் என்று இப்சானுக்கும் அப்தோனுக்குமாவது ஒரு கணக்கு உண்டு. ஏலோனுக்கு அதுவும் இல்லை. கடைசியாக வந்த அப்தோன் பிரத்தோன் ஊரார். அந்த ஊர் எப்பிராயீம் நாட்டில், 42,000 பேரை இழந்த அதே மண்ணில் இருக்கிறது.