ஓய்வும் துறவும்

2025-ஆம் ஆண்டு செப்டம்பர் திங்கள் 26-ஆம் நாள் சண்டிகர் விமானப்படைத் தளத்தில் ஒரு பிரிவுபசார விழா நடைபெற்றது. விடைபெற்றது மனிதரன்று, மிக்-21 என்னும் போர் விமானம். சோவியத் நாட்டில் வடிவமைக்கப்பெற்று, 1963-ஆம் ஆண்டில் அதே சண்டிகரில் நம் நாட்டு விமானப்படையிற் சேர்ந்த அவ்விமானம், அறுபத்திரண்டு ஆண்டுகள் பறந்து ஓய்ந்தது. பாதுகாப்பு அமைச்சர் முன்னிலையில் விமானப்படைத் தளபதியே ஒன்றைச் செலுத்தி வானில் வலம் வந்தார். இறங்கிய விமானங்களின் மீது நீரைப் பீய்ச்சி மரியாதை செய்தனர். முன்னாள் விமானிகள் பலர் அதனைக் காண வந்திருந்தனர்.

பௌத்தராகிய நாம் இதனை எவ்வாறு கொள்வது? கொலைக்கருவியொன்று ஒழிந்தது என்று மகிழ்வதா? நாட்டைக் காத்த கருவி என்று வணங்குவதா? உயிர்க்கொலை தவிர்வேன் என்று நாள்தோறும் முதற் சீலத்தை ஏற்போர்க்கு இது வீண் வினாவன்று.

முதலில் உண்மைகளை நோக்குவோம். 1971-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ஆம் நாள், டாக்கா நகரிலுள்ள ஆளுநர் மாளிகையை மிக்-21 விமானங்கள் தாக்கின. அன்றே ஆளுநர் பதவி துறந்தார். இரு நாட்களில் போர் முடிந்தது. கொடிய இன்னலுக்கு ஆளான ஒரு மக்களினம் விடுதலை பெற்றது. இது ஒரு பக்கம். மறுபக்கத்தில், நம் நாட்டில் அதுவரை நேர்ந்த மிக் வகை விமான விபத்துகள் 482 என்றும், அவற்றில் மாண்ட விமானிகள் 171 பேர், பொதுமக்கள் 39 பேர் என்றும் 2012-ஆம் ஆண்டில் நாடாளுமன்றத்தில் அரசே தெரிவித்தது. 2023-ஆம் ஆண்டு மே திங்களில் இராஜஸ்தானத்து அனுமான்கட் மாவட்டத்தில் மிக்-21 ஒன்று ஒரு வீட்டின்மேல் விழுந்தது. விமானி குடைமிதவையின் உதவியால் உயிர் தப்பினார். மூன்று பெண்கள் மாண்டனர். பறக்கும் சவப்பெட்டி என்று மக்கள் அதற்குப் பெயரிட்டது காரணமின்றியன்று.

இந்நன்மைக்கும் தீமைக்கும் அவ்வுலோகம் பொறுப்பாகுமோ? ஆகாது. சேதனையே கம்மம் என்பது பகவரின் போதனை. எண்ணமில்லாப் பொருளுக்கு வினையுமில்லை, வினைப்பயனுமில்லை. ஆகவே அதனைச் சபிப்பதும் அறியாமை, தொழுவதும் அறியாமை. கருவிக்குப் பொட்டிட்டு, மாலை சூட்டி, ஆயுத பூசை செய்யும் வழக்கத்தை விட்டு தம்மத்தை அடைந்தவர்கள் நாம். அவ்வழக்கம் புது உடையில் நம் உள்ளத்தே மீண்டும் புகாமற் காத்துக்கொள்ளுதல் வேண்டும். நன்றி செலுத்த விரும்பின் மனிதர்க்குச் செலுத்துவோம். பழுதுபட்ட எந்திரத்தை நள்ளிரவிற் செப்பனிட்ட தொழிலாளர்க்கும், கட்டளையை ஏற்று அதில் அமர்ந்து மீளாத இளைஞர்க்கும் அது உரியது.

இனி, இவ்விழாவில் மறைந்து நிற்கும் பெரிய வினாவுக்கு வருவோம். போர்க்கருவி ஓய்வதும், போர்க்குணம் ஓய்வதும் ஒன்றா? விழாவுக்கு முதல் நாள், செப்டம்பர் 25-ஆம் தேதி, பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்துடன் புதிய தேஜஸ் விமானங்கள் 97-ஐ வாங்க ரூ. 62,370 கோடிக்கு அரசு ஒப்பந்தம் செய்தது. பழைய வாள் மழுங்கிற்று. புதிய வாள் வார்க்கப்படுகின்றது. நாம் இதனைக் குறைகூறும் பொருட்டுச் சொல்லவில்லை. எல்லா நாடுகளும் இவ்வாறே செய்கின்றன. ஆயினும், முதுமையால் நின்றதைத் துறவென்று மயங்கலாகாது.

துறவு எதுவென்பதை அங்குலிமாலர் வரலாறு காட்டும். விரல்களை மாலையாய் அணிந்த அக்கொலைஞன் முழுவலியோடு ஓடினான். மெல்ல நடந்த பகவரை எட்ட இயலவில்லை. நில் என்று கூவினான். தாம் நின்றுவிட்டதாகவும், நிற்க வேண்டியவன் அவனே என்றும் பகவர் விடையிறுத்தார். அவன் நின்றான். அன்று அவன் கை தளரவில்லை; வாள் மழுங்கவில்லை; தடுப்பாரும் இல்லை. கொல்ல இயன்ற பொழுதே கொல்லாமை பூண்டமையால் அது துறவாயிற்று. அசோக மன்னரும் தோல்வியுற்றுப் போரை வெறுக்கவில்லை. கலிங்கத்தில் ஓரிலட்சம் பேர் மாண்டதைத் தம் கல்வெட்டிலேயே கூறி வருந்தியது, வெற்றி பெற்ற பின்னராகும்.

அங்ஙனமாயின், படைகளைக் கலைத்துவிடுவதா, பகைவர் வந்தால் நாட்டை யார் காப்பது என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வியே. சென்னைப் படையிலும் பின்னர் இந்தியப் படையிலும் உழைத்த முன்னோரைக் கொண்ட குடும்பங்கள் நம்மிடையே பல உள. போதிசத்துவர் பாபாசாகேப் அம்பேத்கரின் தந்தையாரும் ஒரு சுபேதாரே. அவர்களைப் பாவிகளென்று நாம் சொல்லத் துணியோம். பாபாசாகேப் தமது 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் நூலில் இச்சிக்கலை எடுத்து ஆய்ந்தார். கொல்ல வேண்டிய தேவை வேறு, கொல்லும் விருப்பம் வேறு என்று பிரித்து, அகிம்சை என்பது கண்மூடிப் பின்பற்றும் விதியன்று, அறிவோடு கைக்கொள்ளும் கொள்கை என்று விளக்கினார். அதே நூலில், உரோகிணி ஆற்று நீருக்காகக் கோலியர்மீது போர் தொடுக்கச் சாக்கிய சங்கம் முடிவு செய்தபோது, சித்தார்த்தர் அதனை எதிர்த்து நின்று, அதன் பயனாகவே நாடு நீங்கினார் என்றும் எழுதினார். இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தல் வேண்டும். தேவை என்னும் சொல் எளிதில் வாயில் வரும். சாக்கியரும் நீர் தேவை என்றே வாதாடினர். தேவையின் போர்வையில் விருப்பம் ஒளிந்துள்ளதா என்று சோதிக்கும் துணிவே சித்தார்த்தரைச் சாக்கியரினின்று வேறுபடுத்திற்று.

அசோகரும் படையைக் கலைத்ததாகக் கல்வெட்டுக் கூறவில்லை. வெற்றி என்னும் சொல்லின் பொருளையே மாற்றினார். தம்ம வெற்றியே தலையாய வெற்றி என்றார். நாட்டுக் காவலுக்குப் படை வேண்டுமாயின் இருக்கட்டும். ஆனால் பகைவன் வீழ்ந்தான் என்று கைகொட்டும் உள்ளம் நமக்கு வேண்டா. போரில் மடிந்தோர் சுவர்க்கம் புகுவரோ என்று ஒரு படைத்தலைவன் வினவியபோது, பகவர் இருமுறை விடைகூற மறுத்தார். மும்முறை வற்புறுத்திய பின்னரே, கொல்லும் வெறியோடு மாள்பவனுக்கு நற்கதி இல்லை என்பதை உணர்த்தினார். அவ்விரு மௌனங்களிலும் அவ்வீரன்பால் அவர் கொண்ட இரக்கம் விளங்கும்.

இது அரசாங்கத்தின் காரியம், நமக்கென்ன என்று இருத்தலும் தகாது. நம் உள்ளத்தையும் நோக்குவோம். ஈரல் கெட்டபின் குடியை விட்டவன், குடியாமைச் சீலம் பூண்டதாகக் கூறிக்கொள்கிறான். உடல் தளர்ந்தபின் மனைவியை அடியாதவன், சினத்தை வென்றதாக எண்ணுகிறான். வழக்கு நடத்தப் பணமின்றி உடன்பிறந்தானோடு இணங்கியவன், மைத்திரி வளர்த்ததாகப் பேசுகிறான். இவையெல்லாம் ஓய்வேயன்றித் துறவல்ல. வலிமை திரும்பினால் பகையும் திரும்பும். சினம் கொள்ள வலிமையும் காரணமும் வாய்த்திருக்கும் இன்றே அதனை விடுதல்தான் சீலம்.

ஆகவே, அடுத்த பௌர்ணமி வந்தனைக்கு நம் விகாரையிற் கூடும்போது, அவ்விமானத்தோடு மடிந்த இளைஞரையும், தம் வீட்டிலேயே உயிரிழந்த அப்பெண்டிரையும், அதன் குண்டுகளுக்கு இரையான எதிர்நாட்டாரையும் ஒருசேர நினைத்துப் புண்ணியத்தைப் பகிர்ந்தளிப்போமாக. எதிர்நாட்டார் என்று சொல்லும்போது எவருடைய நாவேனும் தயங்குமாயின், அத்தயக்கத்தை அவர் தம்முள் ஆராய்ந்து பார்ப்பாராக.