49-ஆவது நாள்



தைப்பூசத்துக்காக 48 நாள் விரதம் இருப்பது நமக்குப் புதிதில்லை. ஜொகூரில் எத்தனையோ வீடுகளில் மார்கழி வாக்கிலேயே கவுச்சியை நிறுத்தி, பாயை விரித்துத் தரையில் படுக்கிறவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். இன்றைக்கு நான் பேச வந்தது அந்த 48 நாளைப் பற்றி இல்லை. அதற்கு அடுத்த நாளைப் பற்றி.

என் தாய்மாமா வருஷா வருஷம் காவடி எடுப்பார். சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலை. விடியற்காலை நாலு மணிக்கு மோட்டாரில் கிளம்பிப் பாலம் தாண்டினால், வீடு திரும்ப இரவு எட்டாகிவிடும். அசதிக்கு இரண்டு பீர். வார இறுதி என்றால் கணக்கே இல்லை. இனிப்பு நீர் வந்து பல வருஷமாச்சு, மாத்திரை சாப்பிடுகிறார். ஆனால் விரதம் தொடங்கிவிட்டால் ஒரு சொட்டு தொட மாட்டார். காவடி இறக்கிய மறுநாள்தான் கூட்டாளிகள் கூடுவார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு அப்படி ஒரு மறுநாள். மாமா காலையில் மாத்திரை போட்டிருக்கிறார், சரியாகச் சாப்பிடவில்லை. மத்தியானத்திலிருந்து குடி. சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். சட்டை முழுக்க வேர்வை, கை நடுக்கம், பேச்சு குழறல். அத்தை வெறுத்துப்போய், "குடிச்சிட்டு வந்துட்டாரு, விடுப்பா" என்றார். நானும், "தூங்கட்டும் அத்தை, காலைல சரியாயிடும்" என்றேன்.

பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் இனிப்பு நீர். அவர்தான் மாமாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "இது வெறும் போதை இல்லடா" என்று சொல்லி, தன் சோதனைக் கருவியைக் கொண்டு வந்து விரலில் குத்தினார். 2.3 காட்டியது. 4-க்குக் கீழே போனாலே ஆபத்து. மாமாவுக்கு விழுங்க முடிந்ததால் சீனித் தண்ணீர் கொடுத்து, மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். அன்றைக்கு என் பேச்சைக் கேட்டிருந்தால் அவர் தூக்கத்திலேயே போயிருக்கலாம்.

அப்புறம்தான் இதைப் படித்துத் தெரிந்துகொண்டேன். நாம் சாப்பிடாத நேரத்தில் ரத்தத்துக்குச் சீனி கொடுப்பது கல்லீரல். சாராயம் உள்ளே போனதும் கல்லீரல் அதை உடைக்கும் வேலையில் இறங்கிவிடுகிறது. புதுச் சீனி தயாரிப்பது தடைபடுகிறது. அதே நேரத்தில் இன்சுலினோ சில வகை மாத்திரையோ சீனியை இறக்கிக்கொண்டே இருக்கும். குடித்துப் பல மணி நேரம் கழித்தும், தூக்கத்திலும் இது நடக்கலாம். பார்ப்பதற்குப் போதை மாதிரியே இருப்பதால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

இது ஒரு நாள் ஆபத்து. வருஷக்கணக்கில் வரும் ஆபத்து வேறு. ஒரு கிராம் ஆல்கஹாலில் 7 கலோரி, சீனியில் 4தான். தொடர்ந்து அதிகமாகக் குடித்தால் வயிற்றிலும் கல்லீரலிலும் கொழுப்பு சேரும், இன்சுலின் சரியாக வேலை செய்யாது. இன்சுலினைச் சுரக்கும் கணையமே வீங்கிக் கெட்டுப்போகவும் கூடும். கூடவே பொரித்த கோழியும் நடு இரவு மீ கோரேங்கும் சேர்ந்துகொள்கின்றன. குடி மட்டும்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. பரம்பரை, தேத்தாரேக், உட்கார்ந்தே இருப்பது எல்லாமே உண்டு. ஆனால் ஏற்கெனவே எரியும் வீட்டில் எண்ணெய் ஊற்றலாமா?

2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில், மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. அதாவது கோயில் வரிசையில் நிற்கும் நம்ம ஆள் மூன்று பேரில் ஏறக்குறைய ஒருவர். நாட்டில் இந்த நோய் இருந்தவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியவில்லை. "அளவா குடிச்சா ஒண்ணும் ஆகாது" என்பவர்களுக்கு ஒரு செய்தி: பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது.

நம் பெரியவர்கள் இதை எப்போதோ சொல்லிவிட்டார்கள். வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஒரு முழு அதிகாரமே ஒதுக்கினார். திருமூலரும் திருமந்திரத்தில் அதே தலைப்பில் பாடினார். அதே திருமூலர்தான், உடம்பை இழுக்கு என்று முதலில் நினைத்ததாகவும், உள்ளே இறைவன் குடியிருப்பதைக் கண்ட பிறகு அதைப் பேணிக் காப்பதாகவும் சொன்னவர். காவடியைச் சுமக்கும் தோள் 48 நாள் மட்டும் கோயிலா? 49-ஆவது நாள் முருகன் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விடுகிறாரா?

நம்மால் முடியாது என்று சொல்லாதீர்கள். 1947-இல் கெடாவில் பீடோங் வட்டாரத் தோட்டங்களில், ஏ. எம். சாமி வழிநடத்திய தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்து மறியல் செய்தது. அடிபட்டார்கள், உயிரும் போனது. அவர்கள் தோட்டத்துப் பால்மரத் தொழிலாளிகள், நம் தாத்தா பாட்டி மாதிரியானவர்கள். அன்றைக்குக் கள்ளுக்கடை தோட்டத்துக்குள் இருந்தது. இன்றைக்கு நம் வீட்டு ஐஸ்பெட்டிக்குள் இருக்கிறது. மறியலை அங்கேதான் தொடங்க வேண்டும்.

என்ன செய்யலாம்? முதலில், குடிக்கிறவரைக் கேவலமாகப் பார்ப்பதை விடுங்கள். அன்றைக்கு எங்கள் கண்ணை மறைத்தது அந்த வெறுப்புதான். அப்பாவையோ மாமாவையோ அரசாங்க கிளினிக்குக்கு நீங்களே அழைத்துப் போங்கள். குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளிதான். வெறும் வயிற்றில் 7.0-ஓ அதற்கு மேலோ இருந்தால் அது இனிப்பு நீருக்கான அளவு. டாக்டரிடம் குடிப்பதை மறைக்கச் சொல்லாதீர்கள். விரதம் இருக்கப் போகிறவர் மாத்திரை பற்றி முன்கூட்டியே கேட்கட்டும். தினமும் அதிகமாகக் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம், அவரும் டாக்டரைப் பார்த்துவிட்டே நிறுத்த வேண்டும். இனிப்பு நீர் உள்ளவர் வேர்த்து, குழறி, தடுமாறினால் சீனி கொடுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 999-ஐ அழையுங்கள்.

இந்த வருஷத் தைப்பூசத்துக்கு மறுநாள் நான் மாமா வீட்டுக்குப் போனேன். கூட்டாளிகள் கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். "என்னடா, காவலுக்கு வந்தியா?" என்றார். "இல்ல மாமா, சாப்பிட வந்தேன்" என்றேன். அத்தை சோறு போட்டார். மூவரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். மாமா அன்றைக்குப் போகவில்லை. 50-ஆவது நாள் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் 48 நாள் முடிந்த மனுஷருக்கு இன்னும் ஒரு நாள் முடியும் என்று தெரியும். அந்த ஒரு நாளுக்குப் பக்கத்தில் உட்கார ஒரு ஆள் வேண்டும். உங்கள் வீட்டில் அந்த ஆள் நீங்களாக இருங்கள்.

முருகன் துணை இருப்பார். ஓம் சரவணபவ.