இடுக்கமான வாயிலும் இறக்கிவைக்கும் சுமையும்



ஆண்டவர் இயேசு தமது மலைப்பொழிவின் இறுதிப் பகுதியிலே இரண்டு வாயில்களைப் பற்றிப் போதிக்கிறார். அகன்ற வாயிலால் போகிறவர்கள் அநேகர். அவர்கள் அழிவை அடைகிறார்கள். ஒடுங்கிய வாயிலைத் தேடிக் கண்டுகொள்பவர்கள் சிலரே. வாழ்வை அடைவோர் அவர்களே. மத்தேயு நற்செய்தியின் 7ஆம் அதிகாரத்தில் இதனைக் காண்கிறோம்.

இப்போதனையைக் கேட்கும்போது நம்மில் பலருக்கு மனதிலே ஒரு கலக்கம் உண்டாகிறது. எல்லாரையும் நேசிக்கும் தந்தை, தம் வீட்டு வாயிலை ஏன் இடுக்கமாக வைக்க வேண்டும்? விடை தேட, இன்று உங்களை ஒரு மலையிடுக்குக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

கிரேக்க நாட்டின் தென்கோடியிலே கிரேத்துத் தீவு இருக்கிறது. புனித சின்னப்பர் தம் சீடர் தீத்துவைத் திருச்சபையை ஒழுங்குபடுத்தும்படி விட்டுவந்த தீவு இதுவே. அதன் மேற்குப் பகுதியில் வெண்மலைகள் என்னும் மலைத்தொடர் உண்டு. அதன் அதியுயர்ந்த சிகரம் 2,453 மீற்றர். அந்த மலைகளைப் பிளந்துகொண்டு கடல்வரை இறங்குவதே சமாரியா மலையிடுக்கு. 1962ஆம் ஆண்டு முதல் அது தேசியப் பூங்காவாகக் காக்கப்படுகிறது. வழக்கமாக மே மாதம் தொடக்கம் ஒக்ரோபர் வரை, பல நாடுகளிலிருந்தும் மக்கள் வந்து அதனூடே நடக்கிறார்கள்.

நடைபயணம் 1,200 மீற்றருக்கும் மேற்பட்ட உயரத்திலே தொடங்குகிறது. அவ்விடத்துக்கு மரப்படிக்கட்டு எனப் பொருள்படும் பெயர் உண்டு. அங்கிருந்து கடற்கரைவரை ஏறத்தாழ 16 கிலோமீற்றர். ஐந்து முதல் ஏழு மணித்தியாலம் நடக்க வேண்டும். இறக்கந்தானே, இலகுவாய் இருக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். முதல் சில கிலோமீற்றர் தூரத்திலேயே முழங்கால்கள் நடுங்கத் தொடங்கிவிடும். ஏறுவதற்கு மூச்சு வேண்டும். இறங்குவதற்குப் பொறுமை வேண்டும். தாழ்மையைப் பழகியவர்களுக்கு இது புதிதன்று.

வழியிலே பைன் மரங்களும் சைப்பிரஸ் மரங்களும் நிழல் தருகின்றன. கிறிகிறி எனப்படும் காட்டாடுகள் பாறைகளிலே தாவித் திரிகின்றன. ஊற்றுநீர் குடிக்கலாம், ஆனால் ஓடையிலே குளிக்கலாகாது, தீ மூட்டலாகாது, இரவு தங்கலாகாது. கல் விழக்கூடிய இடங்களில், நில்லாமல் விரைந்து செல்லுங்கள் என்று அறிவித்தல் வைத்திருக்கிறார்கள். மழை பெய்து வெள்ளம் வரக்கூடிய நாட்களிலே காவலர்கள் வழியையே மூடிவிடுவார்கள். தூரதேசத்திலிருந்து வந்தவர்கள் மனம் வருந்தித் திரும்புவார்கள். ஆயினும் அந்தத் தடை அவர்களுடைய உயிரைக் காப்பதற்கே.

இன்னும் ஒன்று. நுழையும்போது பெறும் சீட்டை முடிவிலே காட்ட வேண்டும். எவராவது உள்ளே தவறிப்போனாரா என்று அறிவதற்கே இந்த ஏற்பாடு. கால் சுளுக்கியவர்களைச் சுமந்து வரக் கோவேறு கழுதைகளும் உண்டு. தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப்போன ஆயனை இது நமக்கு நினைவூட்டவில்லையா?

ஏறக்குறையப் பதினொராம் கிலோமீற்றரில் மலையிடுக்கு மிகவும் ஒடுங்கிப் போகிறது. இருபுறமும் ஏறத்தாழ 300 மீற்றர் உயரத்துக்குக் கற்சுவர்கள் எழும்பி நிற்கின்றன. நடுவிலே இருக்கும் இடைவெளி நான்கு மீற்றர் அளவுதான். இதற்கு இரும்பு வாயில்கள் என்று பெயர். தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு அங்கே வழியே இல்லை என்று தோன்றும். கிட்டப் போனால் நான்கு பேர் பக்கத்தில் பக்கத்தில் நடந்து போகலாம்! சுவர்களின் உயரமே வாயிலைச் சிறிதாகக் காட்டுகிறது. ஆகவே, அன்பர்களே, இடுக்கமான வாயில் மனிதரைத் தடுப்பதற்காக அமைந்த வாயில் அல்ல.

அப்படியானால் தடுப்பது எது? இந்த இடத்தின் பெயரே அதற்கு மறுமொழி தருகிறது. இந்தச் சமாரியா விவிலியத்திலே வரும் சமாரியா அன்று. மலையிடுக்கின் நடுவே ஒரு சிற்றூர் இருந்தது. 1962இல் பூங்கா அமைந்தபோது அங்கு வாழ்ந்த கடைசிக் குடும்பங்களும் வெளியேறின. அங்கே 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு சிறு கோவில் உண்டு. அது ஓசியா மரியா, அதாவது எகிப்து நாட்டுப் புனித மரியாளின் பெயரால் அமைந்தது. ஓசியா மரியா என்பதே மக்கள் வாயிலே மருவிச் சமாரியா ஆயிற்று என்பார்கள்.

யார் இந்த மரியாள்? திருச்சபையின் பழைய மரபு இவ்வாறு கூறுகிறது. பன்னிரண்டு வயதிலே வீட்டைவிட்டு ஓடிப்போய், அலெக்சாந்திரியா நகரிலே பதினேழு ஆண்டுகள் பாவ வாழ்வு வாழ்ந்தவள் அவள். யாத்திரிகர்களோடு கப்பலேறி எருசலேமுக்குச் சென்றாள், பக்தியினால் அல்ல. திருச்சிலுவைத் திருநாளன்று மக்கள் கூட்டம் கோவிலுக்குள் போயிற்று. அவளும் போக முயன்றாள். வாசற்படியிலே கண்ணுக்குத் தெரியாத ஒரு சக்தி அவளைத் தடுத்தது. மூன்று நான்கு முறை முயன்றும் முடியவில்லை. எல்லாரும் தாராளமாய் உள்ளே போன அதே வாசல், அவளுக்கு மாத்திரம் அடைபட்டிருந்தது.

அப்பொழுதுதான் தன் இருதயத்திலே சுமந்து வந்தது என்ன என்பதை அவள் கண்டாள். தேவமாதாவின் படத்தின் முன்னே நின்று அழுது, பாவத்தை விட்டுவிடுவதாக வாக்களித்தாள். பின்பு வாசலை நோக்கி நடந்தாள். ஒரு தடையும் இருக்கவில்லை. வாசல் பெரிதாகவில்லை. அவளுடைய சுமையே இறங்கிற்று. அதன்பின் யோர்தானைக் கடந்து, நாற்பத்தேழு ஆண்டுகள் பாலைவனத்திலே தவம் செய்தாள் என்கிறது அந்த வரலாறு.

இரும்பு வாயில்களைக் கடந்தால் ஆயியா றூமெலி என்னும் கடற்கரைக் கிராமம் வரும். அவ்வூருக்கு வாகன வீதி இல்லை. படகிலோ கால்நடையாகவோதான் போக வேண்டும். அங்கிருந்து கிழக்கே, கரையோரமாய்ப் புனித சின்னப்பரின் பெயரால் ஒரு பழைய சிற்றாலயம் நிற்கிறது. அதற்கும் அப்பால் லூத்ரோ என்னும் ஊர். திருத்தூதர் பணி 27ஆம் அதிகாரத்திலே, கைதியாகிய சின்னப்பரை ஏற்றிச் சென்ற கப்பல் குளிர்காலத்தைக் கழிக்க நாடிய பெனிக்ஸ் துறைமுகம் அதன் அருகேதான் இருந்தது என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். கப்பல் அதனை அடையவில்லை. புயல் அடித்துச் சென்றது. மாலுமிகள் சரக்குகளைக் கடலில் எறிந்தார்கள். கப்பலின் தளபாடங்களையும் எறிந்தார்கள். ஈற்றில் கோதுமையையும் கொட்டினார்கள். கப்பல் உடைந்தது, ஆனால் அதிலிருந்த 276 பேரும் உயிர் தப்பினார்கள். சரக்கைப் பிடித்துக்கொண்டிருந்தால் உயிர் போயிருக்கும்.

அன்பான பெற்றோரே, பிள்ளைகளே! இப்பொழுது நமது வீட்டுப் படலைக்குத் திரும்பி வருவோம். அதுவும் ஒரு வாயில் அல்லவா? எத்தனை படலைகள் இன்று அடைபட்டிருக்கின்றன! ஒரு முழ வேலிக்காக, சீதனத்திலே குறைந்துபோன ஒரு தொகைக்காக, அண்ணன் தம்பி குடும்பங்கள் ஆண்டாண்டாய்க் கதைபேச்சு இல்லாமல் இருக்கின்றன. ஒரே கோவிலில், ஒரே திருப்பலியில், ஒருவர் வலப்பக்கம், மற்றவர் இடப்பக்கம். செத்தவீட்டுக்கு வந்தாலும் தேத்தண்ணீர் குடியாமல் போகிறார்கள். மகள் தான் விரும்பியவனை மணந்தாள் என்பதற்காகப் பேரப்பிள்ளையின் முகத்தைக் காணாத தாத்தாமாரும் நம்மிடையே இருக்கிறார்கள்.

இவர்கள் கெட்டவர்கள் அல்லர். செபிக்கிறார்கள், காணிக்கை கொடுக்கிறார்கள். ஆனால் அந்தப் பழைய கோபத்தை மாத்திரம் இறக்கிவைக்க மனமில்லை. நியாயம் என் பக்கம் என்கிறார்கள். உண்மையாகவும் இருக்கலாம். நியாயமும் சில வேளைகளிலே சுமைதான். காணிக்கையைப் பீடத்தருகே வைத்துவிட்டு, முதலில் சகோதரனோடு ஒப்புரவாகும்படி ஆண்டவர் கற்பித்தபோது, பிழை யாருடையது என்று அவர் விசாரிக்கவில்லையே!

ஆகையால் இவ்வாரம் மூன்று காரியங்கள் செய்வோம். முதலாவது, யாருடைய பெயரைக் கேட்டதும் நம் முகம் மாறுகிறதோ, அந்தப் பெயரைச் சொல்லி இரவுச் செபத்திலே மன்றாடுவோம். இரண்டாவது, நல்ல பாவசங்கீர்த்தனம் செய்வோம். மூன்றாவது, அந்த வீட்டுப் படலையைத் தட்டுவோம். அது கடினமே. மானம் தடுக்கும், கால் நடுங்கும். மலையிறங்குகிறவனுக்கும் முழங்கால் நடுங்குகிறது, ஆனாலும் இறங்குகிறான். அவர்கள் திறவாவிட்டால் இன்னொரு நாள் தட்டுவோம்.

வாயில் சிறியதென்று அஞ்ச வேண்டாம். நாம் நுழையும் அளவுக்கு அது போதியதே. நமது வன்மத்தையும் தூக்கிக்கொண்டு நுழையத்தான் அங்கே இடமில்லை. பாவிகளுக்கு அடைக்கலமான தேவமாதா, அன்று எருசலேமின் வாசலிலே ஒருத்தியின் கண்ணீரைக் கண்டதுபோல, இன்று நம் குடும்பங்களையும் கண்ணோக்கி, தம் திருமகனிடம் வழிநடத்துவாராக. ஆமென்.