அப்பா சொல்லாத வருமானம்

கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. மதிப்பெண் இருக்கிறது, சாதிச் சான்றிதழ் இருக்கிறது, வங்கிக் கணக்கில் ஆதாரும் இணைத்தாகிவிட்டது. உதவித்தொகைக்கு வேண்டிய வருமானச் சான்றிதழ் மட்டும் வாங்க முடியவில்லை. அப்பா சம்பளச் சீட்டைத் தர மறுக்கிறார். ஆதார் அட்டையின் நகலைக்கூடக் கொடுக்க மாட்டேன் என்கிறார். "என் சம்பளம் உனக்கெதுக்கு?" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. தாம்பரம், பல்லாவரம், வண்டலூர் தாலுகாக்களின் இ-சேவை மையங்களில் ஜூன் மாதம் வரிசையில் நிற்கும் பிள்ளைகளில் சிலர் இந்த இடத்தில்தான் திரும்பிப் போகிறார்கள். எத்தனை பேர் என்பது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்டவர்களுக்குக் கணக்கு உண்டு. விண்ணப்பிக்கவே முடியாதவர்களுக்கு இல்லை.

அந்தத் தகப்பனுக்கு வாயைத் திறக்காமல் இருக்க உரிமை உண்டா? உண்டென்றால் அதற்கான விலையைப் பிள்ளை கொடுப்பது நியாயமா? வீட்டுச் சண்டை என்று தள்ளிவிட முடியாத கேள்விகள் இவை. அரசு ஒரு கதவை வைத்து, அதன் சாவியை மூன்றாம் மனிதர் ஒருவரின் சட்டைப்பையில் போட்டிருக்கிறது.

முதலில் கணக்கைப் பார்க்கலாம். பட்டியல் சாதி மாணவர்களுக்கான மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குப் பெற்றோரின் ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம் ரூபாய். மாதத்துக்குப் பிரித்தால் 20,833 ரூபாய். தாம்பரம் சானடோரியத்தில் 1984-இல் தொடங்கிய மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத்துக்குத் தையல் வேலைக்குப் போகும் ஒரு தாயின் சம்பளம் மட்டும் என்றால் இந்த வரம்புக்குள் அடங்கிவிடக்கூடும். அதோடு வேன் ஓட்டும் தகப்பனின் சம்பளமும் சேர்ந்தால் அடங்காமல் போகலாம். ஆக, அவர் சொல்லாத அந்த ஒரு தொகைதான் பிள்ளையின் மூன்றாண்டுப் படிப்பைத் தீர்மானிக்கிறது. கல்விக் கடன் பக்கம் போனாலும் இதே கதைதான். 4 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குச் சொத்துப் பிணை வேண்டாம். ஆனால் வழக்கமாகப் பெற்றோரில் ஒருவர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட வேண்டும். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பி.எம். வித்யாலட்சுமி திட்டம் பிணையும் ஜாமீனும் இல்லாத கடன் தருகிறது. அதிலும் 3 விழுக்காடு வட்டிச் சலுகை வேண்டுமென்றால், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் என்று காட்டியாக வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் அப்பாவின் காகிதம் வந்து நிற்கிறது.

தகப்பன்மார் ஏன் சொல்ல மறுக்கிறார்கள்? எல்லோரையும் கொடுமைக்காரர்கள் என்று எழுதிவிடுவது சுலபம், உண்மைக்கு வெகு தூரம். சம்பளத்தில் பாதி மீட்டர் வட்டிக்குப் போவது வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று மறைப்பவர் இருக்கிறார். தன் தங்கை குடும்பத்துக்கு மாதாமாதம் பணம் அனுப்புவதை மனைவியிடம் சொல்லாதவர் இருக்கிறார். இன்னொரு குடும்பம் இருப்பதை மறைப்பவரும் உண்டு. முதலாளி சம்பளத்தில் ஒரு பகுதியை வங்கியிலும் மீதியைக் கையிலும் கொடுப்பதால், எதை எழுதினால் எங்கே மாட்டிக்கொள்வோமோ என்று பயப்படுகிறவரின் பயத்தைத் தள்ளிவிட முடியாது. 2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கும் அதே 2.5 லட்சம்தான் வரம்பு. தாலுகா ஆபீசில் வருமானத்தை எழுதிக் கொடுத்தால் மனைவிக்கு வரும் ஆயிரம் ரூபாய் நின்றுவிடும் என்று ஒரு தகப்பன் கணக்குப் போட்டால் அவரைக் குறை சொல்வது கடினம். "நான் உயிரோட இருக்கும்போது என் பொண்ணு எதுக்கு ஸ்காலர்ஷிப்ல படிக்கணும்?" என்று கேட்பவரின் வீம்புக்குள் பாசமும் கலந்திருக்கிறது. இவர்களுக்கு அப்பால் வேறொரு வகை இருக்கிறது. பி.காம். படிக்கச் சொன்னால் விஸ்காம் கேட்டாள், யாரையோ விரும்புகிறாள், அம்மா பக்கம் சாய்ந்துவிட்டாள் என்பதற்காகக் காகிதத்தைப் பிடித்துவைப்பவர்கள். இங்கே மௌனம் தண்டனையாகிவிடுகிறது. முன்னவர்களிடம் இரக்கம் காட்டலாம். இவர்களிடம் காட்ட எதுவும் இல்லை.

வருமானம் ஒருவரின் அந்தரங்கம் என்பதில் சந்தேகம் வேண்டாம். அந்தரங்க உரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதற்கும் முன்பே, 2012-இல், ஒருவரின் வருமான வரிக் கணக்கு அவருடைய தனிப்பட்ட தகவல், பெரிய பொதுநலன் இல்லாமல் தகவல் உரிமைச் சட்டத்தில் அதைக் கேட்டுப் பெற முடியாது என்று அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பெற்ற பிள்ளை என்பதால் மட்டும் இந்த உரிமை கரைந்துவிடாது. கூட்டுக் குடும்பத்தில் ஒருவர் சம்பளம் எல்லோருக்கும் தெரிந்திருந்த காலத்தை நினைத்து ஏங்குவோர் உண்டு. அந்த வெளிச்சத்தில் எத்தனை பேர், முக்கியமாக எத்தனை பெண்கள், தாம் சம்பாதித்ததைத் தமக்கென்று வைத்துக்கொள்ள முடியாமல் போனார்கள் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

ஆனால் யாரிடமிருந்து மறைக்கிறோம் என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மகளிடம் சம்பளத்தைச் சொல்லாமல் இருப்பது ஒன்று. தாசில்தாரிடம் சொல்ல மறுத்து, மகளுக்கு அரசு ஒதுக்கிய பணத்தை அவளுக்குக் கிடைக்காமல் செய்வது வேறு. முதலாவதில் தகப்பன் தன்னுடையதைக் காக்கிறார். இரண்டாவதில் அவருக்குச் சொந்தமில்லாத ஒன்றின் மேல் கை வைக்கிறார். உதவித்தொகை அவருடைய பணமல்ல. அதை வேண்டாமென்று சொல்லும் அதிகாரத்தை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை. பணம் பிள்ளைக்கு உரியது, அதைத் தடுப்பதால் தகப்பன் தவிர்க்கும் இழப்பு பெரிதல்ல, பிள்ளையின் இழப்போ திரும்ப வராதது என்னும்போது, மகளிடம் பேசாமல் இருக்கும் உரிமை அலுவலகத்தின் முன் செல்லாது. மூடிய அறையில் ஓர் அதிகாரியிடம் மட்டும் சொல்வதால் அவர் அந்தரங்கத்துக்கு வரும் சேதம் சிறியது.

இதுவரை குற்றம் தகப்பன் பக்கம். ஆனால் குற்றத்தின் பெரிய பங்கு சட்டத்தின் பக்கம் இருக்கிறது. 1875-ஆம் ஆண்டின் வயது வந்தோர் சட்டப்படி 18 வயதில் ஒருவர் முழு மனிதர். உடல், மனக் குறைபாடு இல்லாத மகன் 18 வயதைத் தாண்டிவிட்டால் அவனைப் பராமரிக்கும்படி தகப்பனைக் கட்டாயப்படுத்த, முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவாக இருந்து இப்போது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவாக இருக்கும் சட்டத்தில் இடமில்லை. திருமணமாகாத மகளுக்கு மட்டும் 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு, பராமரிப்புச் சட்டம் கூடுதல் பாதுகாப்புத் தருகிறது. 2020-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. அதற்கும் அவள் சொந்த அப்பா மேல் வழக்குப் போட வேண்டும். ஆக, மகனுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டியதில்லை என்று தகப்பனை விட்டுவிடும் அரசு, உதவித்தொகைப் படிவத்தில் அதே தகப்பனின் ஒவ்வொரு ரூபாயையும் மகனுடைய வசதியாகக் கணக்கில் சேர்க்கிறது. இரண்டில் ஒன்றை அரசு கைவிட்டாக வேண்டும். தகப்பன் கொடுத்தே தீர வேண்டும் என்று சொல்லட்டும். இல்லையென்றால் கொடுக்காத தகப்பனின் பணத்தை எண்ணாமல் இருக்கட்டும்.

இந்த நெருக்கடியில் நிற்கும் பிள்ளைக்கு ஒரு குறுக்கு வழி காதில் ஓதப்படும். அம்மாவைக் கணவனால் கைவிடப்பட்டவர் என்று எழுதிச் சான்றிதழ் வாங்கிவிடு, அப்பாவின் காகிதமே வேண்டாம். அப்படி ஒரு சான்றிதழை வருவாய்த் துறை உண்மையிலேயே தருகிறது. கைவிடப்பட்ட பெண்களுக்கு அது பெரிய துணை. ஆனால் இங்கே அப்பா முன்னறையில் படுத்திருக்கிறார். ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு வாயைத் திறக்காத மனிதருக்கென்று எந்தச் சான்றிதழும் கிடையாது.

இந்தப் பொய்க்குச் சாதகமாகச் சொல்ல நிறைய இருக்கிறது. அப்பாவிடமிருந்து ஒரு பைசாவும் வராத மாணவி உண்மையிலேயே ஏழைதான். பொய்யான ஒரு தகவலால் உண்மையான ஒரு நிலையைத்தான் அவள் நிரூபிக்கப் பார்க்கிறாள். அப்படியும் அந்த வழி கூடாது என்பதே இந்தக் கட்டுரையின் முடிவு. வி.ஏ.ஓ. முன்னால் நின்று, புருஷன் விட்டுப் போய்விட்டார் என்று சொல்லும் பொறுப்பு அம்மா தலையில் விழுகிறது. பிடிபட்டால் பதில் சொல்ல வேண்டியவளும் அவள்தான். இதைவிடக் கனமான காரணம் ஒன்று உண்டு. இப்படி ஒவ்வொரு பொய் சேரும்போதும், நிஜமாகவே கைவிடப்பட்டு வந்து நிற்கும் அடுத்த பெண்ணை அந்த மேசை கூடுதலாகச் சந்தேகிக்கும். தனக்கு நேர்ந்த அநியாயத்தைத் தன்னைவிட எளியவள் மேல் இறக்கிவைப்பது தீர்வாகாது. அதற்காக அந்த மாணவியைக் குற்றவாளி என்று சுட்டும் தகுதி, அவளுக்கு நேர்வழியே வைக்காத அமைப்புக்கு இல்லை.

நேர்வழி வைத்தால் என்ன ஆகும்? சரி, அப்பா மறுக்கிறார் என்று சொன்னாலே உதவி கிடைக்குமென்றால், சேலையூரிலும் குரோம்பேட்டையிலும் வசதியான அப்பாக்கள் எல்லோரும் நாளையே மறுக்கத் தொடங்குவார்கள் என்பது எதிர்வாதம். இதைச் சிரித்துத் தள்ள முடியாது, ஏனென்றால் அளவோடு இருக்கும் பணத்தை ஏழையல்லாதவர் எடுத்தால் ஏழைக்குக் குறையும். அமெரிக்கா இந்த அச்சத்திலேயே நின்றுவிட்டது. அங்கே 24 வயதுக்குக் கீழே இருக்கும் பெரும்பாலான இளங்கலை மாணவர்கள் பெற்றோரைச் சார்ந்தவர்கள் என்றே எடுத்துக்கொள்ளப்படுகிறார்கள். பெற்றோர் விவரம் தர மறுப்பது மட்டும் விலக்குக்குப் போதாது, மானியமில்லாத கடனுக்கு மட்டும் வழி திறக்கலாம். சுவீடன் எதிர்த்திசையில் போய், பெற்றோர் வருமானத்தைக் கேட்பதையே விட்டுவிட்டது. ஜெர்மனியின் வழிதான் நமக்குப் பொருந்துவது. அங்கே மாணவர் உதவிச் சட்டத்தின் 36-ஆம் பிரிவு, பெற்றோர் பணமோ விவரமோ தர மறுத்துப் படிப்பு நிற்கும் நிலை வந்தால் அரசே முன்பணமாகக் கொடுக்கும், பிறகு பெற்றோரிடம் வசூலிக்கும் என்கிறது. மறுப்பதால் ஆதாயமில்லை என்று தெரிந்தால் வசதியான அப்பா ஏன் மறுக்கப் போகிறார்?

தமிழ்நாட்டுக்கு இதெல்லாம் புதிதல்ல. 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும் 2024 ஆகஸ்ட் 9 அன்று தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் ஆயிரம் ரூபாயை நேரே மாணவர் கணக்கில் போடுகின்றன; எந்தப் பள்ளியில் படித்தாய் என்று கேட்கின்றன, அப்பாவின் சம்பளத்தைக் கேட்பதில்லை. 2021 முதல் பொறியியல் படிப்பில் 7.5 விழுக்காடு இடஒதுக்கீட்டில் சேரும் அரசுப் பள்ளி மாணவர்களின் கட்டணத்தை அரசே ஏற்பதிலும் வருமான வரம்பு இல்லை. வீட்டைவிட்டு விரட்டப்படுவது திருநங்கை, திருநம்பி மாணவர்களுக்கு அதிகம் நேர்வது. அவர்களின் உயர்கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று 2024-25 நிதிநிலை அறிக்கை அறிவித்தது. குடும்பம் துணை நிற்காமல் போகலாம் என்பதை அரசு ஒப்புக்கொண்ட இடம் அது. இந்தத் திட்டங்களில் விட்டுப்போனவர்கள் யாரென்றால், கடன் வாங்கி மெட்ரிக் பள்ளியில் படிக்கவைக்கப்பட்டவர்கள். ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய ஊர்களில் இப்படிப்பட்ட சின்னச் சம்பளக் குடும்பங்களுக்குக் குறைவில்லை.

இந்தப் புறநகருக்கென்று ஒரு தனிச் சிக்கலும் உண்டு. வி.ஏ.ஓ. நேரில் விசாரித்து அறிக்கை தருவது கிராமத்துக்காக வகுத்த முறை. அங்கே யாருக்கு எவ்வளவு வருமானம் என்பது தெருவுக்கே தெரியும். முடிச்சூரிலும் பெருங்களத்தூரிலும் வாடகை அடுக்ககத்தின் மூன்றாவது மாடியில் குடியிருப்பவரின் சம்பளம் எதிர்வீட்டுக்குக்கூடத் தெரியாது. அதனால்தான் பாரமெல்லாம் தகப்பன் தரும் காகிதத்தின் மேல் விழுகிறது. அந்தக் காகிதம் வராத இடத்தில் அரசு செய்யக்கூடியது பெரிதல்ல. பெற்றோர் மறுக்கிறார் என்று மாணவரே எழுதித் தர ஒரு படிவம் வேண்டும். அதன் மேல் தாசில்தார் தகப்பனைத் தனியே அழைத்து விசாரிக்கலாம். சான்றிதழில் தொகையைப் போடாமல் வரம்புக்குள் இருக்கிறார், இல்லை என்று மட்டும் அச்சிட்டால், கல்லூரி அலுவலகமும் பிரவுசிங் சென்டரும் பிள்ளையும் அவர் சம்பளத்தைப் பார்க்கத் தேவையில்லை. அப்படியும் அவர் வராவிட்டால் முதலாண்டுத் தொகையைக் கொடுத்துவிட்டு, வரம்புக்கு மேல் சம்பாதிப்பவர் என்று பின்னால் தெரிந்தால் அவரிடமே வசூலிக்கலாம். பாஸ்போர்ட்டுக்குத் தாய், தகப்பன் இருவரில் ஒருவர் பெயர் போதும் என்று 2016-இலும், தாய் தனியாக வளர்த்த பிள்ளையின் பான் அட்டைக்கு அப்பா பெயர் கட்டாயமில்லை என்று 2018-இலும் மாற்றிய நாட்டில் இது முடியாத காரியமல்ல.

அந்தப் படிவம் வரும்வரை, மறுத்துக்கொண்டிருக்கும் தகப்பன்மாரிடம் கேட்க ஒன்று இருக்கிறது. பிள்ளையிடம் சம்பளத்தைச் சொல்ல வேண்டாம், சண்டையை மறக்கவும் வேண்டாம். உங்கள் செல்போனிலிருந்தே விண்ணப்பியுங்கள். சான்றிதழைக் கல்லூரி அலுவலகத்தில் நீங்களே நேரில் கொடுங்கள். உதவித்தொகைக்கான கடைசித் தேதி முடிவதற்குள் கொடுங்கள்.