உழைச்சாத்தான் சோறா?

"இன்னிக்கு முந்நூறு கலோரி எரிச்சாச்சுங்க. ரெண்டு வடை சாப்பிட்டா தப்பில்லைதானே?"

எடை குறைக்கக் கிளம்பிய எவரும் ஏதோ ஒரு நாள் இந்தக் கேள்விக்கு வந்து சேர்கிறார்கள். ஊத்தங்கரையில் விடியலுக்கு முன் நடந்துவிட்டு டீக்கடைக்கு வருகிறவர்கள் இப்போது முதலில் பார்ப்பது வடைத் தட்டை அல்ல, மணிக்கட்டை. கடிகாரம் ஒரு எண்ணைக் காட்டுகிறது. அந்த எண் வரவா? வரவென்றால் செலவழிக்கலாமா, தொடாமல் வைக்க வேண்டுமா?

கேள்வியில் உள்ள சொல்லைக் கவனிக்க வேண்டும். "சாப்பிட்டால் எடை கூடுமா" என்று யாரும் கேட்பதில்லை. "சாப்பிட்டா தப்பில்லைதானே" என்கிறார்கள். கேட்பது அனுமதி. யாரிடம் கேட்கிறோம், அந்த அனுமதியைத் தர யாருக்கு உரிமை என்பதுதான் என் கவலை.

முதலில் கணக்கை முடித்துவிடுவோம். எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் நடந்தால் சுமார் 245 கலோரி செலவாகும். ஆனால் அந்த ஒரு மணி நேரம் அவர் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் ஏறத்தாழ 70 கலோரி செலவாகியிருக்கும். நடையால் கூடுதலாகச் செலவானது 175தான். ஒரு உளுந்து வடையில், அளவையும் குடித்த எண்ணெயையும் பொறுத்து, நூறு முதல் நூற்றைம்பது கலோரி இருக்கும். இரண்டு வடையில் நடை கரைந்துவிடும்.

கடிகாரம் காட்டும் எண்ணும் நிச்சயமில்லை. 2017இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மணிக்கட்டுக் கருவிகள் ஏழைச் சோதித்தார்கள். கலோரிக் கணக்கில் இருப்பதிலேயே நல்ல கருவி சராசரியாக 27 சதவீதம் பிழை செய்தது, மோசமானது 93 சதவீதம். உடம்பும் நாம் நினைப்பதுபோல நேர்மையான கணக்குப்பிள்ளை இல்லை. தான்சானியாவின் ஹட்சா வேட்டைக்குடிகளை ஆராய்ந்த ஹெர்மன் பான்ட்சர், 2012இல் வெளியிட்ட முடிவு பலரைத் திகைக்க வைத்தது. நாளெல்லாம் நடந்து கிழங்கு தோண்டி வேட்டையாடும் அவர்களின் மொத்தச் செலவு, உடல் அளவைக் கருத்தில் கொண்டு பார்த்தால், மேலை நாட்டு நகரவாசியின் செலவைவிட அதிகமாக இல்லை. ஒரு பக்கம் கூடும் செலவை உடம்பு இன்னொரு பக்கம் இழுத்துப் பிடிக்கிறது என்பது அவர் விளக்கம்.

அதனால் சிறு நடைக்குத் திரும்பச் சாப்பிட வேண்டியதில்லை. இதுவரை சிக்கல் இல்லை. ஆனால் இங்கேயே நிறுத்திவிட்டால் எதிர்த்தரப்பு மிக எளிதாக ஜெயித்துவிடும். "எரித்ததைத் தொடவே கூடாது, பசித்தால் தண்ணீர் குடி" என்பது அந்தத் தரப்பு. எரித்ததைத் தின்பவர் உணவைக் கூலியாகப் பார்க்கிறார். தின்ன மறுப்பவர் உடற்பயிற்சியைத் தண்டனையாகப் பார்க்கிறார். எதிரெதிராக நிற்பதுபோலத் தெரிந்தாலும் இருவரும் ஒரே நம்பிக்கையில்தான் நிற்கிறார்கள்: சோறு சம்பாதிக்கப்பட வேண்டியது.

இந்த நம்பிக்கை இந்த மண்ணில் ஒருமுறை அரசாங்கக் கொள்கையாகவே இருந்திருக்கிறது. 1876 முதல் 1878 வரையிலான தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் கொடுமையாக அடிபட்ட மாவட்டங்களில் சேலமும் ஒன்று. ஊத்தங்கரை அன்று அதன் ஒரு தாலுகா. (1965இல் தர்மபுரிக்கும் 2004இல் கிருஷ்ணகிரிக்கும் போனது பிற்பாடு.) 1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன், சர் ரிச்சர்ட் டெம்பிளைச் சென்னைக்கு அனுப்பினார். நிவாரணச் செலவைக் கட்டுப்படுத்துவது அவர் வேலை. அவர் வகுத்த கூலி, மண் வெட்டிக் கல் சுமக்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியம், கூடவே சில்லறைக் காசு. ஒரு ராத்தல் என்பது 454 கிராம். சுமார் 1,600 கலோரி.

டெம்பிள் பிறவியிலேயே கல்நெஞ்சக்காரர் என்று சொல்லிவிட முடியாது. 1873-74 பீகார் பஞ்சத்தில் பர்மாவிலிருந்து அரிசி வரவழைத்து ஏராளமான உயிர்களைக் காத்தவர் அவரே. அதற்காக ஊதாரி என்று கண்டிக்கப்பட்டார். சென்னைக்கு வந்தவர் அந்தக் கண்டனத்தைச் சுமந்துகொண்டு வந்தவர். அவரை எதிர்த்தவர் சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ். இந்த அளவு தின்றுகொண்டு ஒரு மனிதன் உழைக்க முடியாது, உழைத்தால் உடம்பு உடம்பையே தின்னும் என்பது அவர் வாதத்தின் சாரம். குறைந்தது ஒன்றரை ராத்தல் தானியமும் பருப்பும் காய்கறியும் வேண்டும் என்றார். சில மாதங்களில் கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் எத்தனையோ பேர் கணக்கிலிருந்தே போய்விட்டார்கள்.

பஞ்சக் கூலியாளையும் கடிகாரம் கட்டிய நடையாளரையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்று யாராவது கேட்டால் அந்தக் கோபம் நியாயமானது. ஒருவருடைய பசி பிறரால் சுமத்தப்பட்டது. மற்றவருடையது தானே தேர்ந்தது, எந்நேரமும் எழுந்து போய் அடுக்களையைத் திறக்கலாம். துன்பம் ஒன்றல்ல. ஆனால் கணக்கின் அமைப்பு ஒன்றுதான்: முதலில் உழைப்பை அள, பிறகு சோற்றை அள. எண்ணிலும் அவை அருகருகே வந்து நிற்கின்றன. ஐ.சி.எம்.ஆர். 2020இல் தந்த பரிந்துரைப்படி, உட்கார்ந்து வேலை செய்யும் 65 கிலோ ஆணுக்கு நாளுக்கு 2,110 கலோரி. எடை குறைய வழக்கம்போல 500 கழித்தால் 1,610. ஏறத்தாழ டெம்பிளின் ஒரு ராத்தல். உட்கார்ந்தே இருப்பவருக்கு அது தாங்கும். அவரே அதன் மேல் தினம் பத்து கிலோமீட்டர் ஓட ஆரம்பித்து, சுமார் 650 கலோரி செலவழித்து, "திரும்பச் சாப்பிட மாட்டேன்" என்று வைராக்கியம் பிடித்தால் மிஞ்சுவது ஆயிரத்துக்கும் கீழே. கார்னிஷ் சொன்னது இங்கே வந்துவிடுகிறது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இல் விளையாட்டு வீரர்களிடம் இந்த நிலையை அடையாளம் கண்டு ஒரு பெயரே வைத்தது. மாதவிடாய் நின்றுபோகும், எலும்பு தேயும், அடிக்கடி நோய் வரும்.

யாருடைய வியர்வை கணக்கில் ஏறுகிறது என்ற கேள்வியும் இருக்கிறது. போச்சம்பள்ளி, பர்கூர் சிப்காட்டுகளுக்கும் ஓசூருக்கும் கம்பெனி பஸ்ஸில் போய்வரும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை. வீட்டுக்கு வந்தால் தண்ணீர், பாத்திரம், துணி. அவள் கையில் கடிகாரம் இல்லை. இருந்தாலும் நின்ற இடத்தில் நிற்பதை அது பெரிதாக எண்ணாது. டாக்டர் கேட்கிறார்: "எக்சர்சைஸ் பண்றீங்களாம்மா?" அவள் சொல்கிறாள்: "இல்லைங்க." அதே ஐ.சி.எம்.ஆர். அட்டவணை பெண்களுக்கு 1,660, 2,130, 2,720 என்று வேலையின் கடுமைக்கேற்ப மூன்று அளவு சொல்கிறது. அவளுக்கு நடுவில் உள்ளது பொருந்தலாம். ஆனால் கைப்பேசிச் செயலி அவளுக்கு 1,200 என்று சொல்லும், அவளும் நம்புவாள். பொழுதுபோக்காகச் சிந்தும் வியர்வைக்கு வடை பரிசு. வயிற்றுப்பாட்டுக்குச் சிந்தும் வியர்வைக்குக் கணக்குப் புத்தகத்தில் பத்தியே இல்லை.

உழைப்பை அளந்து சோறு போடும் இந்த மரபுக்கு எதிரான இன்னொரு மரபும் நம்மிடம் உண்டு. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை விரிவாக்கியபோது எந்தக் குழந்தையிடமும் "என்ன வேலை செய்தாய்" என்று கேட்கவில்லை. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் கேட்பதில்லை. தட்டை நீட்டினால் போதும். படிப்பு பிறகு. ஊக்கம் கெடும், செலவு தாங்காது என்று சொன்னவர்கள் இருந்தார்கள். ஆனால் வயிறு நிறைந்த பிள்ளைதான் கரும்பலகையைப் பார்க்கும் என்பது ஒரு தாய்க்குத் தெரிந்த விஷயம். இந்தப் பக்கத்து உழவருக்கும் தெரிந்ததே. காலையில் களி உருண்டையைத் தின்றுவிட்டுத்தான் கொல்லை வேலைக்கு இறங்குவார்கள். வேலை முடிந்ததும் பரிசாக வருவதல்ல களி, வேலையை நடத்துவது அது.

"எரித்ததைத் திரும்பச் சாப்பிடலாமா" என்ற கேள்வியில் தடம் புரண்டிருப்பது இந்த வரிசைதான். உணவு முன்னால் வருவது. அதைப் பின்னால் தள்ளிக் கூலியாக்கினால், கூலி கொடுக்கிறவரும் பிடிக்கிறவரும் உடனே தேவைப்படுகிறார்கள். வெளியில் யாரும் இல்லாவிட்டால் அந்த வேலையை நாமே ஏற்றுக்கொள்கிறோம். தன் உடம்புக்குத் தானே ஒரு டெம்பிள்.

அப்படியானால் கணக்கே வேண்டாமா? வேண்டும். கணக்கில்லாமல் எடை குறைவது கடினம், நீரிழிவு வாசலில் நிற்பவருக்கு எடை குறைவது விளையாட்டில்லை. ஆனால் கணக்கு ஆலோசனை சொல்லட்டும், தீர்ப்புச் சொல்ல வேண்டாம். தினசரி அளவை முடிவு செய்யும்போதே நம் வேலையையும் நடையையும் சேர்த்துக்கொண்டோம் என்றால், திரும்பச் சாப்பிடுவது அதே செலவை இரண்டு முறை எழுதுவது. சேர்க்கவில்லை என்றால், அரைமணி நடைக்கு ஒன்றும் மாற்ற வேண்டாம். நீண்ட ஓட்டம், மணிக்கணக்கில் சைக்கிள், நாள் முழுக்க மண்வேலை என்றால் கூடுதலாகச் சாப்பிடத்தான் வேண்டும், பாதியளவாவது. அதை வடையாக இல்லாமல் சோறும் பருப்பும் முட்டையுமாக, சாப்பாட்டு வேளையிலேயே சாப்பிடுவது நல்லது. பரிசு என்ற பெயர் போய்விட்டால் அளவும் தானாக அடங்குகிறது. மூன்று நான்கு வாரம் பார்த்தும் எடை அசையவில்லை என்றால் அளவைக் கொஞ்சம் திருத்தலாம். தலைசுற்றல், தூக்கமின்மை, எதற்கெடுத்தாலும் எரிச்சல் என்று வந்தால் கார்னிஷ் பேசுகிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அந்த இரண்டு வடை? பிடித்தால் ஒன்று சாப்பிடுங்கள். சூடாக இருக்கும்போதே. நடந்ததற்காக வேண்டாம். நடக்காத நாளிலும் அதே ஒன்றைக் கூச்சமில்லாமல் சாப்பிட முடியுமென்றால், அன்றைக்குத்தான் நடை நடையாகவும் வடை வடையாகவும் இருக்கும்.