இலை தாங்கிய வெயில்



நேற்று மறைக்கல்வி வகுப்பில் நம் பிள்ளைகள் வெயிலைக் கொண்டு படம் எழுதினார்கள். மெடிக்கலில் வாங்கிய ஸ்பிரிட்டில் மஞ்சள்தூளைக் கரைத்து, வடிகட்டி, வெள்ளைத் தாளில் பூசி, இருட்டறையில் காயவைத்தோம். அதன்மேல் ஆளுக்கோர் இலை. ஒருத்தி முருங்கைக் கொத்து வைத்தாள், ஒருவன் வேப்பிலை. குரங்கணிப் பக்கத்துப் பையன் பெரணி கொண்டுவந்திருந்தான். மேலே கண்ணாடியை வைத்து, பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணிவரை போடி வெயிலில் விட்டோம்.

எடுத்துப் பார்த்தால் சுற்றிலும் மஞ்சள் வெளுத்துவிட்டது. இலை கிடந்த இடத்தில் மட்டும் பூசிய நிறம் அப்படியே இருந்தது. வேப்பிலையின் ரம்பப் பல்கூடப் பிசகவில்லை.

மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் வெயில் பட்டால் சிதைந்துவிடும். வெள்ளைச் சட்டையில் பட்ட குழம்புக் கறையை வெயிலில் காயப்போடும் தாய்மாருக்கு இது தெரிந்ததுதான். 1842-இல் இங்கிலாந்தில் ஜான் ஹெர்ஷல் பூக்களின் சாற்றைத் தாளில் பூசி இதையே ஆராய்ந்தார். அவரைப் போலவே தாவரச் சாறுகளை வெயிலில் வைத்துப் பார்த்தவர் மேரி சோமர்வில். ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தில் பெண்களுக்கு உறுப்பினர் இடம் இல்லாத காலம் அது. ஹெர்ஷல் வழியாகத்தான் அவருடைய ஆய்வு அங்கே போய்ச் சேர்ந்தது, 1846-இல் அச்சானது. நம் பெண்பிள்ளைகளுக்கு அந்த அம்மையாரின் பெயரை இரண்டு முறை சொன்னேன்.

எல்லாரும் படத்தையே பார்த்துக்கொண்டிருக்க, ஒரு சின்னப் பிள்ளை இலையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டது: "ஃபாதர், இது ஏன் இப்படி வாடிப்போச்சு?"

அந்தக் கேள்வி இரவெல்லாம் என்னோடு இருந்தது. தாளின் மஞ்சள் தப்பியது, அதன்மேல் விழவேண்டிய வெயிலை இலை வாங்கிக்கொண்டதால்.

நம் மலைக்கு இது புதிதா? ஏலம் நிழலில் வளரும் செடி. நிழல் மரத்தை வெட்டினால் இலை கருகும். பறித்த காயையும் வெயிலில் போட்டால் பச்சை வெளுத்துவிடும். ஸ்டோருக்குள் 45, 50 டிகிரிச் சூட்டில்தான் உலர்த்துகிறோம். ஏல மையத்தில் அந்தப் பச்சையைப் பார்த்துத்தானே விலை கேட்கிறார்கள்! அந்தக் காயை எடுக்க நம் தாய்மார் விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டைத் தாண்டிப் போகிறார்கள். மழையும் அட்டைக்கடியும் அவர்களுக்கு; பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும் புத்தகமும். பிள்ளைகளே, இன்று இரவு அம்மாவின் கையைப் பிடித்துப் பாருங்கள். அந்த இலை உங்கள் வீட்டிலேயே இருக்கிறது.

121-ஆம் திருப்பாடலைப் பாடியவர் ஆண்டவரை நிழல் என்றே சொல்கிறார். நிழல் என்றால் குளிர்ச்சி என்றுதான் நானும் இத்தனை காலம் நினைத்திருந்தேன். அதைத் தருகிறவர்மேல் வெயில் அடிக்கிறது என்பதை நேற்றுத்தான் கண்டேன். பன்னிரண்டிலிருந்து மூன்று மணிவரை என்று சொன்னேன் அல்லவா? கல்வாரியில் அந்த நேரத்தில் நாடெங்கும் இருள் சூழ்ந்தது என்கின்றன நற்செய்திகள். வெயில் மறைந்திருந்தது, ஆனால் தாங்கிக்கொண்டிருந்தவர் அங்கே தொங்கினார், நமக்கு மேலே, நம்மை மூடிக்கொண்டு.

கடைசியில் ஒன்று செய்தோம். சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்துத் தாளின்மேல் தடவினோம். ஆலத்தித் தட்டில் சுண்ணாம்பு சேர்ந்ததும் மஞ்சள் சிவக்குமே, அதுபோல இலையின் தடம் முழுவதும் சிவந்தது. பிள்ளைகள் சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அந்தத் தாள்கள் கோவிலின் பின்பக்க மேசையில், பழைய விவிலியத்தின் பக்கங்களுக்கிடையில் இருக்கின்றன. இந்தப் படத்தை அழியாமல் நிறுத்த மருந்து கிடையாது. வெளிச்சத்திலேயே கிடந்தால் அதுவும் வெளுத்துவிடும். திருப்பலி முடிந்ததும் திறந்து பாருங்கள். பார்த்த பிறகு, அடுத்தவர்க்கும் இருக்கட்டும், மூடி வையுங்கள்.