தன்னைப் புகழ்தல் தகுமா?

நம் குடும்பங்களில் மருத்துவம் பயின்றோர் இன்று பலர். அவருள் பணியில் முதிர்ந்த சிலர் தலைமை மருத்துவர், துறைத்தலைவர் முதலிய பொறுப்புகளுக்கு நேர்காணலை எதிர்கொள்கின்றனர். தம் திறமையைத் தாமே எடுத்துரைப்பது தற்புகழ்ச்சி ஆகாதா, அடக்கம் காத்தால் வாய்வல்லார் அன்றோ பதவி பெறுவர் என்னும் ஐயம் அவர்கட்கு எழுகின்றது. அது புறந்தள்ளத் தக்கதன்று.

13ஆம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய சமண முனிவர் பவணந்தியார் இதற்கு விடை வகுத்துள்ளார். அரிய பொருள்களை வெளிப்படுத்தித் துறை பல முடித்தவரேயாயினும் தம்மைத் தாமே புகழ்தல் தகாது என்பது பொதுவிதி. எனினும் அரசவைக்கு ஓலை விடுக்கும்போதும், தம் ஆற்றலை அறியாதாரிடத்தும், அவையில் வெல்லும்போதும், பிறர் தம்மைப் பழிக்கும்போதும் அது தகும் என்கின்றார். புலவர்க்குக் கூறிய இவ்விதி மருத்துவர்க்கும் பொருந்தும். விண்ணப்பம் இக்கால ஓலை. தேர்வுக்குழுவினர் நம் ஆற்றலை அறியாதார். ஆதலின் உள்ளதைக் கூறுதல் குற்றமன்று. உள்ள திறனை ஒளிப்பதால் நல்ல மருத்துவரை நோயாளிகள் இழக்கவும் கூடும்.

அதற்கு எல்லை யாது? ஏலமலைச் சரிவுகளில் விளைந்த ஏலக்காய் போடிநாயக்கனூரில் விற்பனைக்கு வரும்போது, வணிகர் மூட்டை முழுவதையும் ஆராய்வதில்லை. மாதிரியைக் கண்டே விலை கூறுவர். நேர்காணலும் ஒரு மாதிரியே. பச்சை மிகுதற்பொருட்டுக் காய்க்குச் செயற்கைச் சாயம் ஏற்றுவதை உணவுச் சட்டம் தடுக்கின்றது. பலர் கூடிச் செய்த அறுவையை 'யான் செய்தேன்' என்று உரைப்பதும் சாயம் ஏற்றுதலே. ஏலக்காயில் ஏமாந்தால் இழப்பு வாங்கியவர்க்கு. நேர்காணலில் குழு ஏமாந்தால் இழப்பு, அவ்வறையில் இல்லாத நோயாளிக்கு.

ஆகவே ஆயத்தம் என்பது விடைகளை மனப்பாடஞ் செய்வதன்று. ஆசிரியப் பயிற்சி மாணவியரை மாதிரி வகுப்பிற்கு ஆயத்தப்படுத்திய ஆண்டுகளில் நாம் கண்டது இது: பாடக்குறிப்பை ஒப்பித்தவர், குழந்தை எதிர்பாராது கேட்ட முதல் வினாவிலேயே தடுமாறுவர், பாடத்தை உணர்ந்தவர், 'அறியேன், நாளை கூறுவேன்' எனவும் அஞ்சார்.

மருத்துவர் முதலில் தம் பணிக்குறிப்புகளை மீளப் படித்தல் வேண்டும். நலம் பெற்றோரை மட்டுமன்றி, தீங்குற்றோரையும் இறந்தோரையும் எண்ணி, அதன்பின் தம் செயல்முறையில் யாது மாறிற்று என்று தெளிதல் வேண்டும். குழுவினர் வினவினால், நோயாளியின் அடையாளத்தைக் காத்து அதனைக் கூறலாம். அடுத்து, பணிபுரியும் இடத்தை அறிதல் வேண்டும். இங்கிலாந்தில் மூத்த மருத்துவர் பதவிக்கு விண்ணப்பிப்போர், நேர்காணலுக்கு முன்பே மருத்துவமனைக்குச் சென்று அங்குள்ளோரோடு உரையாடும் வழக்கம் உண்டு. போடிநாயக்கனூரில் பணியாற்ற விரும்புவோர் மலைப்பாதையின் வளைவுகளையும், தோட்டத் தொழிலாளர் கீழிறங்கிவர ஆகும் நேரத்தையும் அறியாது வருதல் முறையன்று. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீ மலையேறச் சென்றோரைச் சூழ்ந்தது. 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தீக்காயமுற்றோர் போடி, தேனி, மதுரை மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அத்தகைய இரவில் யாரை முதலில் கவனிப்பது, யாரை உடனே மேல்சிகிச்சைக்கு அனுப்புவது, செவிலியர்க்கும் இளம் மருத்துவர்க்கும் எப்பணியைப் பகிர்ந்தளிப்பது என்று முன்னரே எண்ணியவரிடம் விடை தானே இருக்கும்.

இவ்வளவு செய்தும் வாய்வல்லார் ஒருவர் பதவி பெறக்கூடும். அவ்வாறாயின் இழப்பு நம் ஒருவருடையது. மிகைபடக் கூறிப் பெறும் பதவியிலோ இழப்போர் பலர். அவர்தம் பெயரும் நமக்குத் தெரியாது. நம் இல்லத்து மருத்துவர்கள் எதனைத் தேர்வது என்பதை நாம் எண்ணிப் பார்ப்போமாக.